தானுகந்த படம்

சில வருஷங்களுக்கு முன்னால் நான் எடுத்த போட்டோ ஒன்று ஒரு சிறுபத்திரிகையின் அட்டையில் வந்தது. ஒரகடம் கூட்டுரோட்டில், விடிந்தும் விடியாத ஆறேகால் மணிக்கு எடுத்தது. இரவு ஷிப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த கம்பெனி பஸ் மேம்பாலத்தின் அருகே நின்றிருந்தது. ஜன்னலோரம் ஒரு இளைஞன் கண்ணாடியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி வெளுத்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை. நண்பர்கள் பாராட்டினார்கள். நம் காலத்து உழைப்பின் களைப்பு முழுவதும் அந்த முகத்தில் இருக்கிறது என்று ஒருவர் கடிதம் எழுதினார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஒரு வருஷம் கழித்து அதே கூட்டுரோட்டு டீக்கடையில் அவனைப் பார்த்தேன். பையில் பத்திரிகை இருந்தது. சந்தோஷப்படுவான் என்ற நினைப்பில் எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"தூங்கறப்ப எடுத்துட்டீங்களே சார்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வீட்ல பொண்ணு பாக்கறாங்க. வாயப் பொளந்துக்கிட்டு இப்படி இருக்கறத யார்னா பாத்தா குடிகாரன்னு நெனைக்க மாட்டாங்களா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா எழுந்து மூஞ்சியாவது தொடச்சிருப்பேன்."

அட்டை உள்பக்கம் போகுமாறு பத்திரிகையை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். முந்நூறு பிரதிதான் அச்சாகிறது, உன்னைப் பெண் கேட்பவர்கள் யாரும் இதைப் படிக்கிறவர்கள் அல்ல என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவன் கேட்டதற்கு அது பதிலாகாது என்று அப்போதே தெரிந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடி எழுதப்படுகிறது. போட்டோ கலையைப் பற்றிய கட்டுரையாக இதைக் கருத வேண்டாம். முன்பின் தெரியாதவர்களின் முகங்களை நம் ஊரில் யார் யார், எப்படி, எதற்காக எடுத்தார்கள் என்ற சரித்திரத்தில் என் படம் எந்த வரிசையில் போய் நிற்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளும் முயற்சி இது.

ஒரகடத்திலிருந்து வடக்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனிக்கு 'தானுகந்த திருமேனி' என்று பெயர். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்யப்பட்டது, அவரே பார்த்து உகந்து தழுவிக் கொடுத்தது என்பது ஐதீகம். மேல்கோட்டையில் உள்ளது 'தமருகந்த திருமேனி': அவரைப் பிரிய மனமில்லாத சீடர்கள் தமக்காகச் செய்துகொண்டது. ஸ்ரீரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி'. அது பிம்பமல்ல, அவரே. வைஷ்ணவ மரபு இந்த வித்தியாசங்களை எந்த நோக்கத்தில் வகுத்ததோ, அது என் விஷயமல்ல. ஒரு மனிதனின் உருவத்தைச் செய்வதில் யாருடைய உகப்பு முக்கியம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செய்யப்படுகிறவன் உகந்த உருவம் வேறு. அவனை நேசிக்கிறவர்கள் உகந்த உருவம் வேறு. காமிரா வந்த பிறகு மூன்றாவதாக ஒன்று பெருகியது. எடுக்கிறவன் மட்டும் உகந்த படம். இதற்கு மரபில் பெயர் கிடையாது.

இந்தியாவில் முகங்களை மொத்தமாக எடுத்துத் தொகுத்த முதல் பெரிய காரியம் 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'. ஃபோர்ப்ஸ் வாட்ஸனும் ஜான் கேயும் தொகுத்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக லண்டனில் வெளிவந்தது. நானூற்று அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே இருப்பது ஆளின் பெயரல்ல, ஜாதியின் அல்லது இனத்தின் பெயர். கூடவே அந்த ஜாதி நம்பத்தகுந்ததா, கலகம் செய்யக்கூடியதா என்பது போன்ற குறிப்புகள். 1857க்குப் பிறகு ஆள்கிறவர்களுக்கு இந்த விவரம் தேவைப்பட்டது.

1869இல் லண்டன் போயிருந்த ஸர் ஸையத் அகமது கான் இந்தியா ஆபீஸில் இந்தத் தொகுதிகளைப் பார்த்ததைத் தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். கூட இருந்த அவர் மகன் மஹ்மூத் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆங்கில இளைஞன் வந்து, நீ ஹிந்துஸ்தானியா என்று கேட்கிறான். ஆம் என்று சொன்ன மஹ்மூதுக்கு முகம் சிவந்துபோகிறது. அவசரமாக, தான் அந்தப் பழங்குடிகளில் ஒருவனல்ல, தன் முன்னோர் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று விளக்குகிறான். இந்தச் சம்பவத்தில் இரண்டு அவமானங்கள் இருக்கின்றன. ஒன்று மஹ்மூதுக்கு நேர்ந்தது. மற்றது, படத்தில் இருந்தவர்களுக்கு மஹ்மூதே செய்தது. தன்னைத் தப்புவித்துக்கொள்ள அவர்களைப் படத்துக்குள்ளேயே விட்டுவிட்டுப் போனான். அச்சிலிருந்து எழுந்து வந்து பதில் சொல்ல அவர்களால் முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சத்தில் செங்கல்பட்டு ஜில்லாவும் அகப்பட்டது. இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. கிராமங்களைவிட்டுச் சென்னைக்கு நடந்தவர்கள் நிவாரண முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மதராஸ் குதிரைப்படை அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர் அவர்களைப் படமெடுத்தார். எலும்புக்கூடுகளாகிவிட்ட மனிதர்கள் வரிசையாக உட்காரவைக்கப்பட்டு, நிற்கவைக்கப்பட்டு, குழந்தைகள் முன்னால் கிடத்தப்பட்டு எடுக்கப்பட்ட படங்கள். ஒரு படத்தின் தலைப்பில் அவர்கள் 'இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள்' என்று குறிக்கப்படுகிறார்கள். ஆங்கிலத்தில் ஆட்கள் என்ற சொல்கூட இல்லை. பொருள்கள் என்றும் அர்த்தம் கொள்ளத்தக்க சொல்தான் இருக்கிறது.

இந்தப் படங்கள் பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டின என்று ஹூப்பருக்காக வாதாடலாம். அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஹூப்பர் எப்படிப்பட்ட கண்ணோடு நின்றார் என்பதை எட்டு வருஷம் கழித்து மாந்தலே காட்டிக்கொடுத்தது. 1886இல், பிரிட்டிஷார் கைப்பற்றிய பர்மாவில், துப்பாக்கியால் சுட்டு மரண தண்டனை நிறைவேற்றப்படும் தருணத்தைப் படமெடுக்க அவர் ஏற்பாடு செய்துகொண்டார் என்ற செய்தி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வந்து பெரிய சர்ச்சையாகி, விசாரணைக்கு உள்ளானார். பஞ்சப் படங்களிலும் மாந்தலேயிலும் எதிரே இருந்தவனின் நிலைமை ஒன்றுதான். அவனால் எழுந்து போக முடியாது.

எட்கார் தர்ஸ்டனின் கதை இதைவிட நுட்பமானது. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலை 1909இல் ஏழு தொகுதிகளாகக் கொண்டுவந்தவர். ஆட்களை நிறுத்தி மூக்கையும் மண்டையையும் அளந்தார், படமெடுத்தார். தம்மைக் கண்டு மக்கள் பயந்ததை முதல் தொகுதியின் முன்னுரையில் வேடிக்கையாகச் சொல்லிச் செல்கிறார். வயநாட்டில் பணியப் பெண்கள் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல மாதிரியாகப் பார்த்துப் பொறுக்கி, பஞ்சடைத்து மியூஸியத்தில் வைத்துவிடுவார் என்று பயம். நீலகிரியில் ஏதோ பழைய குற்றத்துக்காகப் போலீஸ் தேடிய ஒரு இருளர், உயரம் அளக்கும் மரத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளவுக்கு உடன்பட மறுத்துவிட்டாராம்.

இதை அறியாமை என்று நினைத்துச் சிரித்தார் தர்ஸ்டன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இருளரும் பணியப் பெண்களும் சரியாகவே புரிந்துகொண்டார்கள் என்று தோன்றுகிறது. அவர்களுடைய உருவம் மியூஸியத்தில் வைக்கப்படத்தான் போகிறது, பெயரில்லாமல், ஒரு ஜாதியின் மாதிரியாக. சில தப்பெண்ணங்கள் விவரத்தில் தவறாகவும் சாரத்தில் சரியாகவும் இருப்பதுண்டு.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படங்கள் எதுவும் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்டவை அல்ல. அன்றைய காமிராவால் அது முடியாது. எதிரே இருந்தவர் அசையாமல், லென்ஸைப் பார்த்து, 'ஒத்துழைத்து' எடுக்கப்பட்டவை. ஆகவே 'கேட்டுவிட்டு எடு' என்ற ஒற்றை விதி போதாது. தர்ஸ்டன் கேட்டார். கேட்டதற்கு இல்லை என்று சொல்லும் நிலையில் எதிராளி இருந்தாரா, படத்தின் கீழே என்ன எழுதப்பட்டது, அது யார் கைக்குப் போனது என்பவைதான் மரியாதையை நிர்ணயித்தன.

இதே காலத்தில் தொடங்கி வேறொரு சரித்திரமும் ஓடுகிறது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் சரித்திரம். நம் பேச்சுவழக்கிலேயே இந்த வித்தியாசம் உண்டு. காமிராக்காரன் 'படம் பிடிக்கிறான்'. கோழி பிடிப்பது, திருடனைப் பிடிப்பது போல. ஸ்டூடியோவுக்குப் போகிறவர்களோ 'போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்'. காமிராவைத் தொடுவதுகூட இல்லை, ஆனாலும் எடுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த அதே ஜனங்கள், தீட்டிய திரைக்கு முன்னால், இரவல் கோட்டும் கைக்கடிகாரமுமாக வந்து நின்றார்கள். வளைகாப்புக்கு எடுக்கும் படங்களை நினைத்துப்பாருங்கள். பூத்தைத்த ஜடை பின்னால் இருக்கிறது, முகம் முன்னால். இரண்டும் தெரிய வேண்டும் என்று வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி வந்தது. ஒரு உருவ உத்தி எதிரே நின்றவளின் விருப்பத்திலிருந்து பிறந்திருக்கிறது. நவீன ஓவியத்தில் ஒரே உடம்பை இரண்டு பக்கத்திலிருந்து காட்டுவதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் இதைக் கவனித்ததில்லை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய நெகடிவ்களையும் படங்களையும் சேகரித்துக் காப்பாற்றும் வேலையைச் செய்திருக்கிறார்கள். அப்படங்கள் விறைப்பானவை, செயற்கையானவை என்பது நம் வழக்கமான புகார். விறைப்பு என்பது அந்த மனிதர் தன் உருவத்துக்குச் செலவிட்ட உழைப்பு என்று இப்போது எனக்குப் படுகிறது.

நம் தலைமுறைக்குத் தெருவில் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தது ஸ்டூடியோ அல்ல, ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது அவர் திருவண்ணாமலையில் இருந்தார். கடைசி நாட்களின் படங்களை எடுத்தவர் அவர். 1952இல் வந்த அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் 'தீர்மானமான கணம்' என்ற பொருள்படும் தலைப்பால் பிரசித்தமானது. பிரெஞ்சு மூலத்தின் தலைப்பு வேறு: 'இமாஜ் அ லா சோவெத்'. போலீஸ் வந்தால் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக, லைசென்ஸ் இல்லாமல் தெருவில் விற்பவனின் அவசரத்தைச் சொல்லும் பிரயோகம் அது. ஆங்கிலத் தலைப்பில் தத்துவம் இருக்கிறது. பிரெஞ்சுத் தலைப்பில் குற்ற உணர்வு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் ஆங்கிலத்தில் படித்தோம். முகம் தன்னை மறந்திருக்கும் கணமே உண்மையானது, தன்னுணர்வு வந்துவிட்டால் பொய் என்று நம்பினோம். தன்னுணர்வைப் பற்றி இத்தனை எழுதிய ஒரு சிறுபத்திரிகை வட்டம், பஸ்ஸில் தூங்குகிறவனுக்கு மட்டும் அது வேண்டாம் என்று எப்படி முடிவுகட்டியது?

தெரு பொது இடம்தானே என்று சொல்லப்படுவதுண்டு. நக்கீரன் கோபால் தொடர்ந்த வழக்கில் 1994இல் உச்சநீதிமன்றம், தன்பாட்டில் விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடித்தவன் எந்த நீதிமன்றத்துக்கும் போகப்போவதில்லை. பிரச்னை சட்டத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

இந்தச் சாலைக்குக் காமிராவோடு விசித்திரமான சம்பந்தம் உண்டு. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது அருகில் நின்று படமெடுத்தவரும் இறந்தார். காமிரா பிழைத்தது. அதிலிருந்த ஃபிலிம்தான் கொலையாளியை அடையாளம் காட்டியது. அந்தப் படங்களை யாரையும் கேட்டு எடுத்திருக்க முடியாது. எடுத்திருக்கக் கூடாது என்று எவரும் சொல்ல முடியாது. நான் சொல்லும் எந்த விதியும் இங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தலைவரைப் பார்க்கக் காத்து நின்ற வேறு முகங்களும் அதே படங்களில் இருக்கின்றன. முப்பது வருஷத்துக்கும் மேலாக அவர்கள் ஒரு கொலைகாரியின் பக்கத்தில் நின்றவர்களாக மட்டுமே அச்சாகிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு ஆலைகள் வந்தன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. 2014இல் அது மூடப்பட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான். 2019 முதல் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் பாக்ஸ்கான் ஆலையில் புதிய ரக ஐபோன்கள் செய்யப்படுகின்றன. உலகத்துத் தெருக்களில் அந்நியர்களைப் பிடிக்கும் காமிராக்களில் கணிசமானவை இந்தச் சாலையில், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் பெண்களின் கைகளால் பூட்டப்பட்டவை.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நோயுற்றபின் சக தொழிலாளிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். பெருந்தொற்றுக் காலம், வெளியான படங்களில் பலர் முகக்கவசத்தோடு இருந்தார்கள். அது நோய்க்கு மட்டுமான மறைப்பு அல்ல, வேலைக்கும் ஊரிலுள்ள அப்பா அம்மாவுக்கும் பயந்த மறைப்பும்கூட என்று நினைக்க இடமுண்டு. 2024 செப்டம்பர், அக்டோபரில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது பந்தலில் இருந்தபடி காமிராவை நேராகப் பார்த்தார்கள். முகத்தை மறைத்ததும் காட்டியதும் அவரவர் எடுத்த முடிவு. படமெடுக்கப் போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது இந்த முடிவைத்தான். துப்பட்டா நழுவும் நொடிக்காகக் காத்திருப்பவன் ஹூப்பரின் வரிசையில் நிற்கிறான்.

படத்தின் கீழே எழுதப்படுவதன் வலிமையும் குறையவில்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்யான விவரத்தோடு வீடியோக்கள் பரவின. சம்பந்தமில்லாத சண்டைகளில் யாரோ எடுத்த காட்சிகள். பயந்துபோய் ரயிலேறி ஊர் திரும்பியவர்கள் உண்டு. படத்தில் இருந்தவனுக்கும் அவன் மேல் ஒட்டப்பட்ட பெயருக்கும் சம்பந்தமில்லை என்பதில், எட்டுத் தொகுதிகளுக்கும் இதற்கும் இடையிலுள்ள நூற்றைம்பது வருஷம் பெரிய தூரமாகத் தெரியவில்லை. நானும் ஒருவன் தலையில் 'காலத்தின் களைப்பு' என்று எழுதி ஒட்டியவன்தான். அவனுடைய ஜாதியை எழுதவில்லை, வர்க்கத்தை எழுதினேன். பெயரை நானும் கேட்டிருக்கவில்லை.

மறுபடி டீக்கடைக்குப் போனேன். மூன்றாவது தடவை போனபோது வந்தான். இந்த முறை பெயரைக் கேட்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. செய்யாறு பக்கம் ஒரு கிராமம். ஒப்பந்த வேலை. பழைய படத்தின் நெகடிவ் எங்கே என்று கேட்டான். இப்போது நெகடிவ் கிடையாது என்று சொல்லி, அவன் எதிரிலேயே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துக் காட்டினேன். அச்சான முந்நூறை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"வேற ஒண்ணு எடுங்க சார்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னான். போனபோது தலை சீவி, பவுடர் பூசி, இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் நின்றிருந்தான். அடையாள அட்டை இல்லை. நண்பன் ஒருவனின் புல்லட்டைக் கொண்டுவந்திருந்தான். எங்கே நிற்பது என்பதையும் அவனே தீர்மானித்தான்; ஆலை மதில் தெரியக்கூடாது, புளியமரம் தெரிய வேண்டும். "முட்டிக்குக் கீழ வேணாம் சார், செருப்பு பழசு" என்றான். முட்டியோடு நிறுத்தினேன். நான்கு படம் எடுத்தேன். மூன்றை வேண்டாம் என்றான்.

விமர்சகனாகச் சொன்னால் அது நல்ல படமல்ல. வெளிச்சம் உச்சியிலிருந்து விழுகிறது; புல்லட் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது; முகத்தில் ஒரு விறைப்பு. பஸ் படத்தில் இருந்த எதுவும் இதில் இல்லை. பஸ் படம் நல்ல படம் என்று நான் இன்னும் நினைக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எனக்குச் சமாதானம் எதுவும் ஏற்பட்டுவிடவில்லை. இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். ஒன்று ஊரில் சுவரில் மாட்டியிருக்கிறதாம். மற்றதைப் பெண் வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினார்களாம்.

இந்தக் கட்டுரையோடு போடப் படம் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். அவனைக் கேட்டேன். "அது வீட்டுக்கு எடுத்தது சார்" என்றான். எனவே படம் எதுவும் அச்சிடப்படவில்லை.